நிறம் அறிந்தவர் பாராத நிறம்



காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளரின் கண் மிகக் கூர்மையானது. அரக்கு நிறத்துக்கும் குங்கும நிறத்துக்கும் உள்ள வேறுபாடு நமக்குச் சில வேளைகளில் தெரிவதில்லை. அவருக்கோ விளக்கு வெளிச்சத்திலும் தெரியும். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறொரு நிறம் என்று கோர்வை போட்டு நெய்கையில், ஓர் ஊடை இழை சற்று வெளிறியிருந்தாலும் கை தானாக நின்றுவிடும். சாயம் பிசகிய நூலை ஒதுக்கிவிட்டுத்தான் நாடாவை மீண்டும் ஓட்டுவார்.

அப்படிப்பட்ட ஒருவர், தம் உடல் நாள்தோறும் காட்டிய ஒரு நிறத்தை இரண்டு வாரங்களாகப் பார்த்தும் பாராதவர் போல இருந்தார். அதனால் அவர் உயிருக்கே ஆபத்து நேர இருந்தது. அந்த நிகழ்ச்சியைச் சொல்லி, வயிற்று வலியையும் மலத்தில் காணும் மாறுதல்களையும் பற்றி இம்மாதம் சிறிது விரிவாக எழுதலாம் என்று எண்ணுகிறோம். "குடும்பப் பத்திரிகையில் இதையுமா எழுதுவது?" என்று சிலர் முகம் சுளிக்கலாம். குடும்பத்தில் பேசத் தயங்குவதால்தான் இங்கு எழுத வேண்டியிருக்கிறது.

பிள்ளையார்பாளையத்தில் நடந்தது

அவர் நம் பங்கைச் சேர்ந்தவர் அல்லர். நம் பங்குக் குடும்பம் ஒன்றுக்கு அண்டை வீட்டுக்காரர். வயது ஐம்பதைக் கடந்தவர். சிறு வயதிலிருந்து குழித்தறியில் அமர்ந்து நெய்பவர். குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதியை மிதித்தபடி, முன்புறம் குனிந்து நாள் முழுவதும் நாடாவை ஓட்டுகிறவருக்கு இடுப்பு வலியும் முழங்கால் வலியும் வராமல் இருப்பது அரிது. அவருக்கும் வந்தன. தெருமுனைக் கடையில் கிடைத்த வலி மாத்திரையை வாங்கி, காலையில் வெறும் வயிற்றில் தேநீரோடு விழுங்கிவிட்டுத் தறியில் இறங்குவது பல மாதப் பழக்கமாகிவிட்டது. வலி கூடிய நாட்களில் மாலையிலும் ஒன்று.

திருமணச் சேலை ஒன்று முடிய வேண்டிய நேரம். மேல் வயிற்றில் எரிச்சல் இருந்தது. "உஷ்ணம்" என்று மோர் குடித்தார். மலம் கரிய நிறமாக, தார் போல ஒட்டும் தன்மையோடு, வழக்கத்துக்கு மாறான துர்நாற்றத்தோடு போயிற்று. இதை அவர் மனைவியிடம் சொல்லவில்லை. மகனிடமும் சொல்லவில்லை. "இதையெல்லாம் போய் யாரிடம் சொல்வது?" என்பதே அவர் பின்னர் நம்மிடம் கூறிய காரணம். ஒரு நாள் தறிக்குழியிலிருந்து எழுந்தவர் கண் இருண்டு பாவின் மீதே சாய்ந்தார்.

மருத்துவமனையில் இரத்தம் சோதித்தார்கள். ஆண் ஒருவருக்குக் குறைந்தது 13 கிராம் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின், அவரிடம் 6 கிராம்தான் இருந்தது. வாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்திப் பார்க்கும் எண்டோஸ்கோப்பிச் சோதனையில், இரைப்பையில் புண் ஒன்று இருந்து, அதிலிருந்து இரத்தம் கசிந்தது புலனாயிற்று. இரண்டு வாரங்களாக அவர் கண்ட கருமை, அவருடைய இரத்தமேதான். இரத்தம் ஏற்றினார்கள், புண்ணுக்கு மருந்து கொடுத்தார்கள். ஆண்டவர் அருளால் இப்போது நலமாயிருக்கிறார், மீண்டும் நெய்கிறார். வலி மாத்திரையை மட்டும் மருத்துவரைக் கேளாமல் தொடுவதில்லை.

வலி மாத்திரையும் வயிற்றுப் புண்ணும்

இரைப்பையில் சுரக்கும் அமிலம் மிகக் கடுமையானது. அந்த அமிலம் இரைப்பையின் சுவரையே அரித்துவிடாதபடி, வழவழப்பான சளிப்படலம் ஒன்று சுவரைக் காத்துக்கொண்டிருக்கிறது. ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் போன்ற வலி மருந்துகள், வலியை உண்டாக்கும் பொருள்கள் உடலில் உருவாவதைத் தடுக்கின்றன. அப்படித் தடுக்கையில், இரைப்பையின் காவற்படலத்தைப் பேணும் பொருள்களும் சேர்ந்தே குறைந்துவிடுகின்றன. காவல் தளர்ந்த இடத்தில் அமிலம் புண்ணை உண்டாக்குகிறது. முதியோர், முன்பே புண் வந்தவர், புகைப்பவர், மது அருந்துபவர் ஆகியோருக்கு இந்த அபாயம் கூடுதல். வலி மருந்து வலியை மறைத்துவிடுவதால், புண் இருப்பதே தெரியாமல் இரத்தம் கசிவதும் உண்டு.

வயிற்றுப் புண்ணுக்கு மற்றொரு பெரிய காரணம் ஒரு கிருமி. காரமும் கவலையுமே புண்ணுக்குக் காரணம் என்று நெடுங்காலம் மருத்துவ உலகமே நம்பியிருந்தது. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரைச் சேர்ந்த ராபின் வாரன், பாரி மார்ஷல் என்னும் இரு மருத்துவர்கள், இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற நுண்ணுயிரை 1982-இல் வளர்த்துக் காட்டினார்கள். அமிலத்தில் கிருமி வாழுமா என்று பலர் நகைத்தனர். 1984-இல் மார்ஷல் அக்கிருமி வளர்த்த நீரைத் தாமே குடித்தார். சில நாட்களில் வாந்தி கண்டது. சோதித்தபோது இரைப்பையில் அழற்சி இருந்தது. இவ்விருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இக்கிருமிக்கு அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு வேறு கிருமிக்கொல்லி மருந்துகளையும் சேர்த்து இரண்டு வாரங்கள் வரை கொடுக்கிறார்கள். முழுக்காலமும் தவறாமல் உட்கொண்டால் புண் ஆறி, மீண்டும் வருவதும் பெரும்பாலும் நின்றுவிடும். ஆகவே "எனக்கு அல்சர், அது என்னோடுதான் போகும்" என்று எவரும் மனம் சோர வேண்டியதில்லை. மிளகாய்க் காரம் புண்ணில் எரிச்சலைக் கூட்டலாம். புண்ணை உண்டாக்குவது அதுவன்று.

பழுப்பு நிறம் எங்கிருந்து வருகிறது?

நம் உடலில் பழைய இரத்த அணுக்கள் நாள்தோறும் சிதைகின்றன. அவற்றிலிருந்து உண்டாகும் மஞ்சள் நிறப் பொருளைக் கல்லீரல் எடுத்துப் பித்தநீரோடு கலந்து குடலுக்கு அனுப்புகிறது. குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அதை மாற்றுவதால் மலத்துக்குப் பழுப்பு நிறம் கிடைக்கிறது. இந்த ஒழுங்கில் எங்கேனும் தடை ஏற்பட்டால் நிறம் மாறும். ஆதலால் நிறமாற்றம் என்பது உள்ளிருந்து வரும் கடிதம். அதைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

கருநிறம்: இரைப்பையிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ கசியும் இரத்தம், அமிலத்தாலும் குடலின் செயலாலும் கருமையடைந்து தார் போல வெளியேறுகிறது. ஏறக்குறைய 50 முதல் 100 மில்லி லிட்டர் வரை இரத்தம் கசிந்தாலே மலம் இவ்வாறு கறுத்துவிடும். இரும்புச் சத்து மாத்திரை உட்கொள்ளும் கருவுற்ற தாய்மாருக்கும் மலம் கறுப்பது உண்டு; அதில் பிசுபிசுப்பும் கடுநாற்றமும் இரா. மாத்திரை ஏதும் உட்கொள்ளாதவருக்குத் தார் போலப் போனால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

செந்நிறம்: ஆசனவாயின் அருகிலிருந்து வரும் இரத்தம் சிவப்பாகவே இருக்கும். மூலமும் ஆசனவாய் வெடிப்புமே பெரும்பாலும் காரணம். சளியோடு கலந்து, வயிற்றுக் கடுப்போடும் காய்ச்சலோடும் அடிக்கடி வந்தால் அது சீதபேதி. முந்தின நாள் பீட்ரூட் உண்டிருந்தாலும் சிவக்கும். அதற்கு அஞ்ச வேண்டாம். ஆனால் நாற்பத்தைந்து, ஐம்பது வயதைக் கடந்தவருக்கு இரத்தம் கண்டால், "மூலம்தான்" என்று தாமே முடிவு செய்துகொள்வது பெரும் பிழை. பெருங்குடல் புற்றுநோயும் அதே அறிகுறியோடுதான் வருகிறது.

வெளிறிய நிறம்: மலம் களிமண் போல வெளிறி, சிறுநீர் கடுந்தேநீர் போலக் கறுத்து, கண்கள் மஞ்சளித்தால் பித்தநீர் குடலை வந்தடையவில்லை என்று பொருள். பித்தக் குழாயில் கல் அடைத்திருக்கலாம். கல்லீரல் அழற்சியாக இருக்கலாம். வலியே இல்லாமல் நாளுக்கு நாள் மஞ்சள் கூடினால் கணையத்தில் கட்டி இருக்கலாம். "காமாலைக்கு மருந்து கட்டுகிறோம்" என்று வாரங்களைக் கடத்துவதால், அறுவை மருத்துவத்தால் காப்பாற்றியிருக்கக் கூடியவர்களையும் இழந்துவிடுகிறோம்.

எண்ணெய்ப் பசை: மலம் பெருத்து, நுரைத்து, நீரில் மிதந்து, ஊற்றும் நீருக்கும் எளிதில் போகாமல் இருந்தால், உணவின் கொழுப்பு செரிக்கவில்லை என அறியலாம். கணைய நோயிலும், சிறுகுடல் சத்தை உறிஞ்சாத நோய்களிலும் இவ்வாறு ஆகும். இந்த இரண்டாம் வகை நம் பகுதிக்குப் புதியதன்று. 1960-களின் தொடக்கத்தில் அன்றைய வட ஆற்காடு மாவட்டத்துக் கிராமங்களில் ஆயிரக்கணக்கானோர் நீங்காத பேதியாலும் மெலிவாலும் வருந்தினர். அம்மையார் ஐடா ஸ்கடர் 1900-இல் தொடங்கிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவமனையின் மருத்துவர் செல்வின் பேக்கரும் அவருடைய உடனுழைப்பாளர்களும் கிராமம் கிராமமாகச் சென்று அந்நோயை ஆராய்ந்தார்கள். வெப்ப நாடுகளுக்குரிய ஸ்ப்ரூ என்னும் குடல்நோய் அது. ஃபோலிக் அமிலமும் பி-12 வைட்டமினும் கிருமிக்கொல்லி மருந்துமாக அதற்கு இன்று நல்ல மருத்துவம் உண்டு.

அரிசி கழுவிய நீர் போன்றது: மலம் என்றே சொல்ல முடியாதபடி, கழுநீர் போலப் பெருகிப் போனால் அது வாந்திபேதி எனப்படும் காலராவாக இருக்கலாம். சில மணி நேரத்திலேயே உடலின் நீர் வற்றிவிடும். ஒரு நிமிடமும் தாமதியாமல் குடிக்கக் கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

உப்பும் சர்க்கரையும் காத்த உயிர்கள்

இவ்விடத்தில் ஒரு பெரியவரை நினைவுகூர்வது நம் கடமை. 1971-இல் வங்காளதேச விடுதலைப் போரின்போது, அகதிகள் திரண்டிருந்த மேற்கு வங்கத்துப் பன்காவ் முகாமில் காலரா பரவிற்று. நரம்பில் ஏற்றும் மருந்து நீர் தீர்ந்துவிட்டது. குழந்தை மருத்துவர் திலீப் மகலானாபிஸ், உப்பும் சோடா உப்பும் குளுக்கோசும் கலந்த பொடியைத் தண்ணீரில் கரைத்து, உறவினரே நோயாளிக்குக் குடிக்கக் கொடுக்கும்படி செய்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், அந்நீர் குடித்தவருள் இறந்தோர் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவாயினர். அப்பெருந்தகை 2022-இல் காலமானார். இன்று மருந்துக் கடைகளிலும் அரசு நலவாழ்வு நிலையங்களிலும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அந்த வழியில் வந்ததே.

ஒரு லிட்டர் பொட்டலத்தைக் கொதிக்க வைத்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் முழுவதும் கரைத்து, அன்றைக்குள் கொடுத்துவிட வேண்டும். பொட்டலம் இல்லாதபோது, ஒரு லிட்டர் நீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அளவு மிகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பேதியாகும் குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. உணவையும் நிறுத்தக் கூடாது. துத்தநாக மாத்திரையை ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லி கிராம் வீதம், பேதி நின்ற பின்னும் விடாமல், 14 நாட்கள் கொடுக்கச் சொல்வார்கள். குழந்தை குடிக்க மறுத்து, கண் குழிந்து, சோர்ந்து, சிறுநீர் கழியாமல் இருந்தால் உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

வலி நிற்கும் இடமும் நகரும் இடமும்

வயிற்று வலி எல்லாம் ஒன்றல்ல. எங்கே வலிக்கிறது, எப்படித் தொடங்கியது, எங்கே பரவுகிறது என்று மருத்துவர் கேட்கும் கேள்விகளுக்கு விடை சொல்லத் தெரிந்திருப்பது பாதி மருத்துவம்.

கொப்பூழைச் சுற்றித் தொடங்கி, சில மணி நேரத்தில் வலப்பக்க அடிவயிற்றில் வந்து நிலைத்து, இருமினாலும் நடந்தாலும் குத்தும் வலி, குடல்வால் அழற்சியாக இருக்கலாம். வலப்புற விலாவின் கீழ்த் தோன்றி, முதுகுக்கோ வலத் தோளுக்கோ பரவி, கொழுப்பு உணவு உண்டபின் கூடுவது பித்தப்பைக் கல்லின் இயல்பு. மேல் வயிற்றில் தாங்க முடியாமல் எழுந்து முதுகை ஊடுருவி, முன்னால் குனிந்தால் சற்றே தணிவது கணைய அழற்சியைக் காட்டும். மது அருந்துவோரிடம் இது மிகுதி. இடுப்பின் பக்கவாட்டிலிருந்து தொடைச் சந்துவரை அலை அலையாய் வருவது சிறுநீரகக் கல்லாகலாம். திடீரெனக் கத்தியால் குத்தியது போல எழுந்து, வயிறு பலகை போல இறுகினால், புண் துளைத்துக்கொண்டது என்று அஞ்ச வேண்டும்.

மாதவிலக்குத் தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் கடும் வலியும் மயக்கமும் கண்டால், கரு கருப்பைக்கு வெளியே தங்கி, அவ்விடம் கிழிந்திருக்கக் கூடும். இதில் கூச்சம் பார்த்தால் ஒரு தாயை இழப்போம்.

இன்னொன்று. ஐம்பது வயதை நெருங்கியவரோ, சர்க்கரை நோயுள்ளவரோ மேல் வயிற்றில் பாரமும் வியர்வையும் மூச்சுத்திணறலும் கண்டு, "வாயுப் பிடிப்பு" என்று சோடா குடித்துப் படுத்துக்கொள்வது நம்மிடையே நடப்பது. மாரடைப்பு பல வேளைகளில் வயிற்று வலியின் வேடத்தில் வருகிறது. ஓர் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று சொல்லக் கேட்டு வீடு திரும்புவதில் எந்த அவமானமும் இல்லை.

பாட்டி வைத்தியத்தில் கொள்வதும் தள்ளுவதும்

காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலில் படைக்கப்படும் இட்டலியில் மிளகும் சீரகமும் சுக்கும் சேர்ப்பதை நம் ஊரார் அறிவர். இவை செரிமானத்துக்கு இதமானவை என்பது நம் முன்னோர் கண்ட அனுபவம். அளவு மீறிய விருந்துக்குப் பின் வரும் மந்தத்துக்கு ஓமநீரோ, சுக்குக் கஷாயமோ, பட்டினியோ போதும். இவற்றை நாம் குறை கூறவில்லை.

ஆனால் காரணம் தெரியாத கடும் வலியில் விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக்குவது ஆபத்து. குடல்வால் வீங்கியிருக்கும்போது பேதி மருந்து கொடுத்தால் அது வெடித்து, வயிறு முழுவதும் சீழ் பரவக்கூடும். அவ்வாறே "குடலேற்றம்" என்று வயிற்றைப் பிசைந்து தட்டுவதும், "தொக்கம்" எடுப்பதும் பொன்னான மணி நேரங்களைப் பறித்துவிடுகின்றன. கைக்குழந்தை விட்டு விட்டு வீறிட்டழுது, காலை மடக்கிக்கொண்டு, வாந்தியெடுத்து, சிவந்த சளி போல மலம் கழித்தால், குடலின் ஒரு பகுதி மற்றொரு பகுதிக்குள் செருகிக்கொண்டிருக்கலாம். அதைத் தட்டி எடுக்க எவராலும் இயலாது. மருத்துவமனையில்தான் சரி செய்ய முடியும்.

புனித சின்னப்பர், திமொத்தேயுவின் வயிற்று நலிவை எண்ணிச் சிறிது திராட்சை இரசம் சேர்த்துக்கொள்ளுமாறு எழுதியதைச் சில சகோதரர்கள் தங்கள் மாலைநேரப் பழக்கத்துக்கு ஆதரவாக எடுத்துக்காட்டுவதைக் கேட்டிருக்கிறோம். அந்தச் "சிறிது" என்னும் சொல்லை மட்டும் அவர்கள் எப்படியோ மறந்துவிடுகிறார்கள். இன்று மது, இரைப்பைக்கும் கல்லீரலுக்கும் கணையத்துக்கும் செய்யும் கேட்டை நாம் ஐயமற அறிவோம்.

பிள்ளைகளுக்கு அடிக்கடி வரும் வயிற்று வலிக்குப் பூச்சியும் காரணமாகலாம். 2015 முதல் பிப்ரவரி 10-ஆம் நாள் தேசியக் குடற்புழு நீக்க நாளாக அனுசரிக்கப்படுகிறது. பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை இலவசமாகத் தரப்படுகிறது. கொக்கிப்புழு குடலைக் கடித்து இரத்தம் குடித்துச் சோகையை உண்டாக்கும். மாத்திரையோடு, கழிப்பிடம் சென்றபின் சோப்பிட்டுக் கை கழுவுவதும் செருப்பணிந்து நடப்பதும் வேண்டும். இல்லையேல் புழு மீண்டும் குடியேறும்.

காரப்பேட்டை நினைவூட்டுவது

இந்நகரில் 1909-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-இல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, தமிழகத்தின் முதலமைச்சரான அறிஞர் அண்ணா, உணவுக் குழாயில் உண்டான புற்றுநோய்க்கு ஆளானார். 1968-இல் நியூயார்க் நகருக்குச் சென்று அறுவை மருத்துவம் பெற்றும், 1969 பிப்ரவரி 3-இல் மறைந்தார். அவர் பெயரால் அவர் பிறந்த ஊரை அடுத்த காரப்பேட்டையில் அரசின் புற்றுநோய் மருத்துவமனை நடந்து வருகிறது. அன்று கடல் கடந்து தேட வேண்டியிருந்த மருத்துவத்தின் பெரும் பகுதி இன்று நம் ஊரிலேயே கிடைக்கிறது. வேண்டியது ஒன்றே: காலத்தில் போய்ச் சேர வேண்டும்.

விழுங்குவதில் தடை, காரணமின்றி எடை குறைதல், மலங்கழிக்கும் வழக்கம் திடீரென மாறி மூன்று வாரங்களுக்கு மேலும் நீடித்தல், அதாவது மலச்சிக்கலும் பேதியும் மாறி மாறி வருதல், மலத்தில் இரத்தம், முதியவருக்குக் காரணம் தெரியாத சோகை. இவை கண்டால் புற்றுநோய் என்று முடிவு கட்ட வேண்டாம்; பெரும்பாலோருக்கு அது வேறு சிறு நோயாகவே இருக்கும். ஆனால் சோதித்துப் பார்க்காமல் இருந்துவிடவும் வேண்டாம். பெருங்குடல் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டால் அறுவை மருத்துவத்தால் பெரும்பாலும் குணமாகும். செலவுக்கு அஞ்சுவோர், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் அட்டை தங்களுக்குக் கிடைக்குமா என்று மருத்துவமனையிலேயே கேட்டறியலாம்.

காத்திருக்கலாகாத வேளைகள்

தார் போன்ற மலம் அல்லது மிகுந்த இரத்தப்போக்கு. இரத்த வாந்தி, அல்லது காப்பித்தூள் கலந்தது போன்ற வாந்தி. வயிறு உப்பி, மலமும் வாயுவும் அடைபட்டு, வாந்தி நில்லாமை. பலகை போல இறுகிய வயிறு. வலியோடு மயக்கமும் குளிர்ந்த வியர்வையும். வலியோடு கடுங்காய்ச்சலும் மஞ்சள் காமாலையும். கருவுற்ற தாய்க்குக் கடும் வயிற்று வலி. இவற்றுள் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று இருக்கலாகாது. 108 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொன்னால் வண்டி வரும். புறப்படுமுன் நோயாளி உட்கொண்டுவந்த மாத்திரை அட்டைகளை எல்லாம் கையோடு எடுத்துச் செல்லுங்கள். முன்னே சொன்ன நெசவாளரின் மகன், தறியின் அருகே செருகியிருந்த வெற்று அட்டைகளைத் திரட்டிக்கொண்டு போனதுதான், மருத்துவர் விரைந்து காரணத்தை அறிய உதவியது.

வீட்டில் தொடங்க வேண்டியது

நம் வீடுகளில் கைக்குழந்தையின் மலத்தைத் தாய் கூர்ந்து பார்க்கிறாள். நிறம் மாறினால் பாட்டியிடம் கேட்கிறாள். அதில் அவளுக்கு வெட்கமில்லை, அன்பே இருக்கிறது. அதே வீட்டில் பெரியவர் ஒருவர் மாதக்கணக்கில் இரத்தம் போவதை மறைத்து வைத்திருக்கிறார். மருமகளிடம் எப்படிச் சொல்வது என்று மாமனாரும், மகனிடம் எப்படிச் சொல்வது என்று தாயும் மௌனமாயிருக்கிறார்கள். இளையோர் கேட்டால்தான் அந்த மௌனம் உடையும்.

ஆகவே இம்மாதம் ஒரு ஞாயிறன்று, திருப்பலி முடிந்து வீடு திரும்பியபின், வீட்டிலுள்ள பெரியவர்களிடம் மூன்று கேள்விகளைக் கேட்குமாறு நம் குடும்பங்களை வேண்டுகிறோம். "வலிக்கு என்ன மாத்திரை, எத்தனை நாளாக எடுத்துக்கொள்கிறீர்கள்?" "வயிற்றில் எரிச்சலோ வலியோ உண்டா?" "வெளிக்குப் போவதில் நிறமோ வழக்கமோ மாறியிருக்கிறதா?" கணவனை மனைவி கேட்கட்டும், தந்தையை மகன் கேட்கட்டும், தாயை மகள் கேட்கட்டும். பதில் வர முதலில் சற்றுத் தாமதமாகும். பொறுமையாக மறுபடி கேளுங்கள்.

அந்த நெசவாளரை அண்மையில் அவர் வீட்டிலே கண்டோம். குழியின் ஓரத்தில் மடித்த சாக்கைப் போட்டு இடுப்புக்கு ஆதரவு செய்துகொண்டு, மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கிறார். மருத்துவர் சொன்ன பயிற்சிகளையும் செய்கிறார். நாம் விடைபெறும்போது அவர் மனைவி சிரித்துக்கொண்டே, "இப்போது தினமும் காலையில் நானே கேட்டுவிடுகிறேன்" என்றார். அவர் நாணத்தோடு தலையைக் குனிந்துகொண்டார். ஆயினும் "சரியாக இருக்கிறது" என்று பதில் சொன்னார்.

அந்த ஒரு பதில் ஒவ்வொரு வீட்டிலும் ஒலிக்கட்டும். அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.